முடிச்சுக்குக் கீழே

— முடிச்சுக்கு மேல வெட்டினியா, கீழ வெட்டினியா?

— கீழக்கா.

— லேசா கீழயா, நல்லாவே கீழயா?

— ரெண்டு விரக்கடை இருக்கும்.

— யாரு சொல்லி வெட்டின?

— யாரும் சொல்லல. பாக்க நல்லா இல்ல, அதான். ரோஜாச்செடி அவ்வளவு லட்சணமா இருக்கு, அடித்தண்டுல மட்டும் ஒரு புடைப்பு. துணியில அப்படி ஒரு முடிச்சு வந்துட்டா, அதுலேர்ந்து கொஞ்சம் தள்ளி வெட்டி எறிஞ்சிடுவோம். இல்லன்னா கண்ணை உறுத்திக்கிட்டே இருக்கும்.

— நீ என்ன வேலை பாக்கற தம்பி?

— தையல் கடைக்கா. கோட்டு, சட்டை, பேன்ட்டு. பெருசைச் சின்னதாக்கிக் கொடுக்கறதும் உண்டு.

— அதானே பாத்தேன். சாக்பீஸ்ல கோடு போட்டுட்டுத்தானே வெட்டின?

— எப்படிக்கா தெரியும்?

— நீ கொண்டு வந்த துண்டு சொல்லுதே. பாரு, எவ்வளவு நேரா இருக்குன்னு. எவ்வளவோ வருஷமா நர்சரி வெச்சிருக்கேன். செடியைக் கொன்னவங்க நிறைய பேர் இந்த நாற்காலியில வந்து உக்காந்திருக்காங்க. இவ்வளவு சுத்தமா கொன்னவங்களை நான் பாத்ததில்ல.

— கொல்லலக்கா. அதைத்தான் சொல்ல வந்தேன். செடி உயிரோடதான் இருக்கு. முன்ன விட நல்லா இருக்கு. அடியிலேர்ந்து நாலஞ்சு துளிர், ஒவ்வொண்ணும் என் இடுப்புக்கு வந்துடுச்சு. கிடுகிடுன்னு போகுது. இலைதான் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. அதுக்கு எதாவது உரம் போட்டா பழையபடி ஆயிடுமான்னு கேக்கலாம்னு வந்தேன்.

— ஒரு காம்புக்கு எத்தனை இலை?

— முன்ன அஞ்சு. இப்ப ஏழு.

— முள்ளு?

— இதோ பாருங்க, சட்டைக் கையைக் கிழிச்சிடுச்சு.

— அது உன் செடி இல்ல தம்பி.

— அதே குழியிலதான்க்கா இருக்கு. நான் நகத்தவே இல்ல.

— குழி அதேதான். நல்லா கேட்டுக்கோ. நீ பாத்து அருவருத்த அந்தப் புடைப்பு இருக்கே, அதுதான் ஒட்டு. அது கலப்பு ரோஜா. ஒரு ரோஜாவோட மகரந்தத்தை இன்னொண்ணுல தடவி, விதை எடுத்து, முளைக்க வெச்சு, முளைச்சதுல நூத்துக்கு ஒண்ணு தேறும்னு யாரோ வருஷக்கணக்கா காத்துக் கிடந்து எடுத்த பூ. பூ பிரமாதம், வேர் நோஞ்சான். அதனால காட்டு ரோஜாவை வேரோட எடுத்து, அதோட தண்டுல இதோட மொட்டைச் சொருகிக் கட்டிடுவோம். புடைப்புக்கு மேல இருந்தது கலப்பு. கீழ இருந்தது காடு.

— அப்ப மேல ஒருத்தர், கீழ ஒருத்தரா?

— ஆமா. மேல இருந்தவரை நீ அனுப்பி வெச்சுட்ட. இப்ப உன் வீட்டுல இருக்கறவர் கீழ இருந்தவர்.

— அவர் பூக்க மாட்டாரா?

— பூப்பாரே. வருஷத்துக்கு ஒரு தடவை. வெள்ளையா, சட்டைப் பொத்தான் அளவுக்கு. மீதி நேரமெல்லாம் வேலி மேல ஏறுவாரு, ஜன்னலுக்குள்ள கையை விடுவாரு.

— வெள்ளையாக்கா? எங்க அத்தையோடது மஞ்சள். ஓரம் மட்டும் சிவப்பு. விரிய விரிய அந்தச் சிவப்பு உள்ள இறங்கிக்கிட்டே வரும், சாயம் ஓடின துணி மாதிரி.

— மஞ்சள்ல சிவப்பு ஓரமா? இந்தப் பக்கத்துல அதை ஒருத்தருக்குத்தான் கொடுத்திருக்கேன். உங்க அத்தை யாரு?

— ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்து ஓய்வு வாங்கினவங்க. பச்சைக் கதவு வீடு.

— அந்தம்மாவா?

— அவங்கதான்.

— அந்தம்மாவோட மாப்பிள்ளையா நீ?

— ஆமாக்கா. அவங்க வீட்டுலதான் இருக்கோம்.

— தண்ணி குடிக்கிறியா தம்பி? உக்காந்துக்க. நல்லா சாஞ்சு உக்காந்துக்க.

— வேணாம்க்கா.

— குடி. முகம் வெளுத்துப் போச்சு. அந்தம்மா எங்க இப்ப?

— முழங்கால் ஆபரேஷன். முடிஞ்சு ரெண்டு மாசமா மூத்த பொண்ணு வீட்டுல இருந்தாங்க, ஆஸ்பத்திரிக்குப் பக்கம்னு. என் வீட்டுக்காரியும் கூடப் போயிட்டா. நான் மட்டும்தான் வீட்டுல. இன்னிக்கு மதியம் வராங்க.

— இன்னிக்கா?

— மதியம்.

— செடியை எதுக்குத் தம்பி உன்கிட்ட விட்டுட்டுப் போனாங்க? தூசி இருந்தா இலையை ஈரத்துணியால துடைக்கிறவங்க அவங்க. ஒரு தடவை நான் அந்தச் செடியை நாலு விரலால தொட்டேன்னு, ரெண்டு விரல் போதாதான்னு கேட்டாங்க.

— எனக்கும் அதான் புரியல. சொல்லப்போனா, அத்தை என்கிட்ட பேசறதே இல்லக்கா.

— சண்டையா?

— சண்டை போட்டாலும் பேச்சு இருக்குமே. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு வார்த்தை இல்ல. சாப்பாடு ஆறிப் போச்சுன்னா என் பெண்டாட்டியைப் பாத்து 'சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு'ம்பாங்க. அவ இல்லன்னா சுவத்தைப் பாத்துச் சொல்வாங்க. ஒரு தடவை மின்விசிறியைப் பாத்து 'நிறுத்தாம போயிட்டாங்க போல'ன்னாங்க. நான் போய் நிறுத்தினேன்.

— இயல்பாவே பேசாத ஆளு இல்லியே அவங்க.

— அதாங்க்கா! ஊர்ல எல்லார்கிட்டயும் பேசுவாங்க. பேப்பர் போடறவரு பேப்பரை மடிச்ச விதத்துக்குத் திட்டு வாங்குவாரு. பக்கத்து வீட்டுக்காரர் வண்டி நிறுத்தினதுக்கு. என் வீட்டுக்காரி தலை சீவினதுக்கு. ஆபரேஷன் அன்னிக்கு மயக்க ஊசி போட வந்த டாக்டர்கிட்ட 'ஊசியைப் பேனா மாதிரி பிடிக்கிறீங்களே, யாரு சொல்லிக் கொடுத்தது'ன்னு ஆரம்பிச்சு, அந்தத் திட்டு முடியறதுக்குள்ள தூங்கிட்டாங்களாம். எனக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது.

— கொடுத்து வெச்சவன்யா நீ. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தா மூட மாட்டாரு. உங்க அத்தையை ஒரு வாரம் இங்க அனுப்பி வை, அவருக்கு ஒரு வழி பிறக்கும்.

— விளையாடாதீங்கக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க கோட்டை நான்தான் தெச்சுக் கொடுப்பேன். கடைக்கு வந்தா சாமானியமா போக மாட்டாங்க. பை மேல போயிடுச்சு, தோள் இறங்கிடுச்சு, பொத்தான் முறைக்குதுன்னு நின்னு வாங்குவாங்க பாருங்க. சரின்னு பிரிச்சுத் தெச்சுக் கொடுப்பேன், அதுல ஒண்ணு கண்டுபிடிப்பாங்க. அவங்க பொண்ணு பின்னால நின்னு சிரிச்சுக்கிட்டே இருக்கும். அப்படித்தான் பழக்கம். அதைக் கட்டிக்கிட்டேன், அத்தையோட பேச்சு நின்னு போச்சு. என்னைப் பிடிக்கல. வேற என்ன இருக்கும்?

— நீ எதாவது பண்ணியிருப்ப.

— ஒண்ணுமே பண்ணலக்கா, சத்தியமா. அதுல நான் ரொம்ப கவனம். செருப்பைச் சுவத்தை ஒட்டி நேரா விடுவேன். குளிச்சா தரையைத் துடைச்சிட்டுத்தான் வெளியில வருவேன். டீ குடிச்ச டம்ளர் தங்கினதில்ல. அந்த வீட்டுல நான் சத்தமா தும்மினதுகூட இல்ல.

— தும்மலை எப்படித் தம்பி அடக்குவ?

— அடக்க மாட்டேன். மாடிக்குப் போயிடுவேன்.

— வர்றதுக்குள்ளயா?

— பழகிடுச்சு.

— சரி, செடி கதைக்கு வா.

— ஆஸ்பத்திரிக்குக் கிளம்பற அன்னிக்கு, வண்டியில ஏறப் போனவங்க நின்னாங்க. திரும்பினாங்க. என் முகத்தைப் பாத்தாங்கக்கா. சுவத்தை இல்ல. 'ரோஜாவைப் பாத்துக்கோங்க'ன்னாங்க. வண்டி போனதுக்கு அப்புறமும் வாசல்லயே நின்னுக்கிட்டு தலையை ஆட்டிக்கிட்டிருந்தேன். அன்னிக்குக் கடையைத் திறக்கல. செடிக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.

— உக்காந்து?

— பாத்துக்கிட்டேன். பாக்கப் பாக்கத்தான் அந்த முடிச்சு கண்ணுல பட்டுது.

— ஐயோ கடவுளே.

— பூவெல்லாம் முடிஞ்சு போயிருந்துது. வெட்டினா தழையும்னு எல்லாரும் சொல்றாங்களே. அத்தை வரும்போது கும்முன்னு இருக்கணும், 'பரவாயில்லையே'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடணும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. வேற ஒண்ணுமில்லக்கா. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வெட்டினேன்.

— எதால வெட்டின?

— முதல்ல கடைக் கத்தரி. அது வளைஞ்சு போச்சு. அப்புறம் ரம்பம்.

— ரம்பம் எடுக்கப் போனப்பகூட யோசனை வரலியா?

— அளவு சரியா இருந்துதுக்கா. சந்தேகமே வரல.

— சரி விடு. இப்ப என்ன பண்ணலாம்கிற?

— அதே ரோஜா ஒண்ணு கொடுங்க. மதியத்துக்குள்ள கொண்டு போய் அந்தக் குழியில நட்டுடறேன். காட்டுச்செடியைப் பிடுங்கி எறிஞ்சிடறேன்.

— அவங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா?

— வெட்டினது தெரியாது. படம் அனுப்பினப்பகூட நுனியை மட்டும்தான் எடுத்தேன்.

— என்ன படம்?

— துளிர் நல்லா வருதேன்னு சந்தோஷத்துல எடுத்தேன். என் வீட்டுக்காரி போனுக்கு அனுப்பி, அத்தைகிட்ட காட்டச் சொன்னேன். மூணு கோணத்துல.

— நுனியில இலை தெரியுமா தம்பி?

— நல்லா தெரியும். வெயில்ல வெச்சு எடுத்தேன்.

— ஏழு இலை.

— ஆமாக்கா. ஏழு.

— ஓடற ரயில்ல, மங்கின விளக்குல, போலி டிக்கெட்டைக் கையில வாங்காமலே கண்டுபிடிச்சவங்க தம்பி அவங்க.

— கண்ணாடி போட்டிருக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்.

— கேட்டியா?

— கேட்டேன். போட்டிருந்தாங்களாம்.

— என்ன சொன்னாங்களாம்?

— ஒண்ணும் சொல்லலியாம். சிரிச்சாங்களாம்.

— சிரிச்சாங்களா? அந்தம்மாவா?

— மூணு படத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்துச் சிரிச்சாங்களாம். அன்னிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலக்கா. அதனாலதான் துண்டை ஈரத்துணியில சுத்தி எடுத்துக்கிட்டு உங்ககிட்ட ஓடி வந்தேன்.

— எழுந்திரு. பின்னால வலைக்கு அடியில ஒண்ணு இருக்கு. அந்த வகையில என்கிட்ட அது ஒண்ணுதான். பாத்து வா, குழாய் தடுக்கும்.

— இதுவாக்கா? இதோட பூ... அதேதான்! அதே மஞ்சள்!

— வாசனை பாரு. அவங்க தினமும் மோந்து பாப்பாங்க.

— இதுதான். கொஞ்சம் இருங்க, டேப் எடுக்கறேன்.

— டேப்போடதான் திரிவியா?

— கழுத்துலயேதான் இருக்கு. உயரம் பத்தலக்கா. நம்மது என் நெஞ்சு வரைக்கும் இருந்துது. இது தொடையைத் தாண்டல. அடியில மண்ணை மேடு கட்டி நட்டா?

— கட்டினா மேடு தெரியும். செடிக்கு நீளம் விட முடியாது தம்பி, உள்ள மடிப்புத் துணியெல்லாம் இருக்காது.

— வெட்டினேன், அதனால குட்டையா இருக்குன்னு சொல்லிக்கலாம்.

— வெட்டின செடி பூவோட நிக்குமா?

— பூவையும் எடுத்துடலாமா?

— என்னைக் கேட்டா, எடுக்காத. பூவைப் பாத்தாலாவது ஒரு நிமிஷம் பேசாம இருப்பாங்க. சரி, அவங்க எப்பவும் பேசறதில்ல. எனக்கே குழம்புது.

— நம்மதுல இடது பக்கம் ஒரு கிளை வெளியில தள்ளியிருக்கும், தோள் இறங்கின கோட்டு மாதிரி. கயிறு இருக்கா? இதை இப்படி இழுத்துக் கட்டினா... இங்க ஒரு குச்சி. பாருங்க இப்ப. எட்டி நின்னு பாருங்க.

— ...அடப்பாவி.

— வருதா?

— அப்படியே இருக்கு. உனக்கு இந்தத் தொழில்லயும் நல்ல எதிர்காலம் இருக்கு.

— அக்கா, ஒண்ணு கேக்கவா? இந்தக் காட்டு வேர் இருக்கே. தண்ணி எடுக்கறது, உரம் எடுக்கறது எல்லாம் அது. பேரு மட்டும் மேல இருக்கறதுக்கு. யோசிச்சுப் பாத்தா, நானும் வேற ஒருத்தர் வேர்ல கொண்டு வந்து சொருகின...

— தம்பி.

— என்னக்கா?

— செடியைப் பத்திப் பேசும்போது செடியைப் பத்தி மட்டும் பேசு. உன்னை மாதிரி பத்து பேர் வந்து இங்க அழுதிருக்காங்க. ஒருத்தரும் தண்ணி ஒழுங்கா ஊத்தல.

— சரிக்கா.

— ஆனா ஒண்ணு சொல்றேன். இதை நான் கொடுக்கறேன், நட்டுக்க. கேட்டா என் வாயிலேர்ந்து ஒண்ணும் வராது. ஆனா தினமும் அந்தச் செடியைத் தாண்டித்தானே நீ வெளியில போகணும், உள்ள வரணும்?

— வாசப்படிக்குப் பக்கத்துல இருக்கு.

— அதான் சொன்னேன்.

— அக்கா, வேற வழி இல்ல. அந்த வீட்டுல நான் இன்னி வரைக்கும் ஒரு பேச்சு வாங்கினதில்ல. அதை வெச்சுத்தான் தலை நிமிர்ந்து நடந்துக்கிட்டிருக்கேன். இது தெரிஞ்சா அதுவும் போச்சு. இனிமே சுவத்தைப் பாத்துக்கூடச் சொல்ல மாட்டாங்க. இருங்க, போன் அடிக்குது. அவதான். ஹலோ... கிளம்பிட்டீங்களா? ...எங்க இருக்கீங்க? ...எந்தத் திருப்பம்? ...எதுக்கு? ...இல்ல, நான் கடையில... ஆமா கடையிலதான். சரி. சரி.

— என்னவாம்?

— சீக்கிரமே கிளம்பிட்டாங்களாம். டாக்ஸி இந்தப் பக்கம்தான் வருதாம். அத்தை நர்சரி வாசல்ல நிறுத்தச் சொல்லியிருக்காங்களாம்.

— எந்தத் திருப்பத்துல இருக்காங்க?

— பெட்ரோல் பங்க்.

— அது இதோ இருக்கே! தொட்டியைக் கீழ வை. வெச்சுட்டு அந்தப் பக்கம்...

— எந்தப் பக்கம்க்கா? ஒரே வாசல்தானே?

— வண்டி நின்னுடுச்சு. நிமிர்ந்து நில்லு. தொட்டியை அப்படியே பிடிச்சுக்க, பேச்சை நான் பாத்துக்கறேன். வாங்கம்மா, வாங்க! கால் எப்படி இருக்கு?

— காலை மாத்திட்டாங்க. வாயை மாத்தல. ஏம்மா, வாசல்ல இருக்கற தொட்டிக்கெல்லாம் தண்ணி காட்டறதே இல்லியா? இலையெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. பலகையில பேர் எழுதினியே, பெயிண்ட் வழிஞ்சிருக்கு, அதைத் துடைக்க ஒரு ஆள் இல்லியா?

— துடைச்சிடறேம்மா. உங்க பொண்ணு வண்டியிலயே உக்காந்திருக்கா?

— நான்தான் உக்காரச் சொன்னேன். டிரைவர் முறைக்கிறான், அவனுக்குத் துணைக்கு. அங்க நிக்கறது எங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரி இருக்கே?

— அவர்தாம்மா.

— கையில என்னன்னு கேளு.

— தம்பி, கையில என்னன்னு கேக்கறாங்க.

— ரோஜாக்கா.

— ரோஜாவாம்மா.

— எனக்குக் காது கேக்குது. எதுக்குன்னு கேளு.

— நானே சொல்றேம்மா. கடை வாசல்ல வெக்கறதுக்கு வாங்கறாரு. வர்றவங்களுக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்னு. அப்படித்தானே தம்பி?

— இல்லக்கா.

— தம்பி!

— இல்ல. விடுங்கக்கா. அத்தை, இது கடைக்கு இல்ல. உங்க ரோஜாவுக்குப் பதிலா நடறதுக்கு வாங்கினது. உங்க செடியை நான் வெட்டிட்டேன். ஒட்டுக்குக் கீழ. இப்ப அங்க இருக்கறது காட்டுச்செடி. நீங்க வர்றதுக்குள்ள இதை வெச்சுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி நிக்கலாம்னு இருந்தேன். கிளையைக்கூட உங்க செடி மாதிரி இழுத்துக் கட்டியிருக்கேன், பாருங்க. என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனீங்க. அதையும் காப்பாத்தல. மன்னிச்சிடுங்க.

— அந்த ஸ்டூலை இழுத்துப் போடும்மா.

— கால் வலிக்குதாம்மா?

— இல்ல. நேரமாகும்.

— இந்தாங்க.

— ஒட்டுக்குக் கீழயா? ஏன்யா, கண்ணு இருக்கா இல்லியா உனக்கு? கொஞ்சம் மேல வெட்டினாலும் பரவாயில்ல, தழைச்சிருக்கும். எங்க வெட்டினா செத்துப் போகுமோ அந்த இடத்தைத் தேடிப் பிடிச்சு வெட்டியிருக்க! அதுல துளிர் வந்துடுச்சுன்னு படம் வேற! ஏழு இலையை எனக்கே அனுப்பறான் பாரு. அதுவும் மூணு கோணத்துல! நான் மூத்தவ வீட்டுக் கட்டில்ல காலை நீட்டிக்கிட்டு ஒவ்வொரு இலையா எண்ணிக்கிட்டிருக்கேன்.

— ஆமாங்க அத்தை.

— என்ன ஆமா? இந்த 'ஆமாங்க' ஒண்ணு கத்து வெச்சிருக்க. செருப்பைச் சுவத்தோட ஒட்டி ஒட்டி விட்டு, அந்தச் சுவத்துல ஒரு கறுப்புக் கோடு விழுந்திருக்கு. பாத்திருக்கியா?

— இல்லைங்க அத்தை.

— குளியலறைத் தரையைத் துடைக்கிற துணியை எங்க காயப் போடற? என் ஜன்னலுக்கு நேரா. தும்மல் வந்தா மாடிக்கு ஓடறான். எதுக்கு? நான் கீழ உக்காந்துக்கிட்டு, வருதா, வந்துடுச்சா, இல்ல படியிலயே விழுந்துட்டானான்னு காதைத் தீட்டிக்கிட்டு இருக்கணுமா? மனுஷன்னா தும்மணும்யா. நல்லா ஹச்சுன்னு.

— தும்மறேன் அத்தை.

— நான் ரிட்டையர் ஆகறப்ப தெச்சுக் கொடுத்தியே ஒரு கோட்டு, அதுல வலது பை இடது பையை விட ஒரு நூல் கீழ இருக்கு. எத்தனை வருஷமா மாட்டி வெச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன், தெரியுமா?

— ஒரு நூலா? அளந்துதானே அத்தை...

— எதிர்த்துப் பேசு! அப்படிப் பேசு! கடையில பேசுவ இல்ல, அளந்தேன் அளந்தேன்னு. அந்த வாய் எங்க போச்சு? மேசைக்கு எதிர்ல உக்காந்து, தட்டு சத்தம்கூடக் கேக்காம சாப்பிட்டு எழுந்து போற. ஏதோ ஹோட்டல்ல அடுத்த மேசையில உக்காந்த ஆளு மாதிரி!

— அம்மா, போதும்மா. தம்பி அழறாரு.

— அழட்டும். நல்லா அழு. கைக்குட்டை இருக்கா? தையல்காரன், ஒரு கைக்குட்டை வெச்சுக்கத் தெரியல.

— அத்தை, நான் வருத்தத்துல அழல. இத்தனை வருஷமா நீங்க ஒரு வார்த்தை பேசல. என்னைப் பிடிக்கலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

— நானா பேசல? கல்யாணத்தன்னிக்கு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, எல்லார் முன்னாலயும் என்ன சொன்ன?

— 'உங்க வாயால ஒரு குறை சொல்ற மாதிரி நடந்துக்க மாட்டேன்'னு சொன்னேன்.

— அப்படி ஒரு தடவையாவது நடந்துக்கிட்டியா?

— இல்லைங்க அத்தை. இன்னி வரைக்கும் நடந்துக்கல.

— அப்புறம் நான் என்னத்தைப் பேசறது? குறை சொல்லாம எனக்குப் பேச வருமா? உனக்குத் தெரியாதா? சபையில வாக்குக் கொடுத்துட்ட. செருப்பு, சுவர், டம்ளர்னு நீ விட்டு வெச்ச சில்லறையைச் சொன்னா, 'அந்தப் பையன் எவ்வளவு ஒழுங்கு, இந்தப் பொம்பளைக்கு இதுகூடக் குத்தமா'ன்னு என் பொண்ணே என்னைக் கேப்பா. பெருசா ஒண்ணு பண்ணுவான், அன்னிக்கு மொத்தமா ஆரம்பிக்கலாம்னு பாத்தா, பண்ணவே மாட்டேங்கறான்! நான் சுவத்தோட பேசிக்கிட்டிருந்தேன்.

— அப்ப செடி போனதுல வருத்தமே இல்லையாம்மா?

— இல்லாம இருக்குமா? என் கையால வளத்த செடிம்மா அது. வண்டியில ஏறும்போது அதையும் ஒரு தடவை பாத்துக்கிட்டேன். கட்டில்ல கிடந்தப்ப இந்தப் படத்தைப் பாத்து முதல்ல வயிறு எரிஞ்சுது, அப்புறம்தான் சிரிப்பு வந்துது.

— அப்படி இருக்கறவங்க, செடியைப் பத்தி ஒண்ணும் தெரியாத இவர்கிட்ட போயி எதுக்கும்மா விட்டீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்து பாத்துக்கிட்டிருக்க மாட்டேனா?

— ஆபரேஷன்னாங்க, மயக்கம் கொடுப்போம்னாங்க. திரும்பி வருவோமோ மாட்டோமோ, இவனோட ஒரு தடவை வாய்விட்டுப் பேசாமலே போயிடுவோமோன்னு ராவெல்லாம் தூக்கம் வரல எனக்கு. வீடு பூரா தேடிப் பாத்தேம்மா. இவனால கெடுக்க முடியும்னு இருந்தது அந்தச் செடி ஒண்ணுதான்.